செப்டெம்பர் 16: ஒலுவிலில் இருந்து பார்த்தால்

'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டி வரும். வானொலியில் காலையில் வாசிப்பார்கள். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லும். செப்டெம்பர் 16ஆம் திகதிக்கு அதில் வழக்கமாக வருபவை நமக்குத் தெரிந்தவைதான்: மெக்சிகோவின் சுதந்திர தினம், மலேசியா உருவான நாள், ஓசோன் படலப் பாதுகாப்பு தினம், எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த நாள். எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் அம்பாறை மாவட்டக் கரைப்பக்கத்து ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ கல்முனையிலோ நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் அந்தத் திகதியைச் சொன்னால் இவற்றில் ஒன்றும் அவர் நினைவுக்கு முதலில் வராது. தலைவர் மௌத்தான நாள் என்பார். எந்தத் தலைவர் என்று இந்தக் கரையில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஒரு திகதிக்குள் எத்தனையோ சம்பவங்கள் கிடக்கின்றன. எதை எடுத்து முன்னால் வைப்பது என்பதை அந்தப் பட்டியலைப் போடும் ஆள் தீர்மானிக்கிறார். கொழும்பில் இருந்தோ சென்னையில் இருந்தோ போட்டால் ஒரு பட்டியல் வரும், ஒலுவிலில் இருந்து போட்டால் வேறொன்று வரும். இரண்டாவது பட்டியலை இதுவரை யாரும் ஒழுங்காகப் போட்டதாகத் தெரியவில்லை. அதைப் போட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். வரலாறு படிக்கும் மாணவருக்கும் அறிவித்தல் பலகையில் எழுதும் ஆசிரியருக்கும் உதவும்.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். 2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல் ஒக்டோபர் 10 என்று குறித்தாகிவிட்டது, பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரம். துறைமுகங்கள், கப்பற்துறை, புனர்வாழ்வு, புனரமைப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் அன்று காலை கொழும்பில் இருந்து அம்பாறை நோக்கி விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்றில் புறப்பட்டார். கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க மலைப்பகுதியில் அது விழுந்து நொறுங்கியது. அவரும் கூடப் போனவர்களும் உயிர் தப்பவில்லை. அவருக்கு வயது 51. ஜனாஸா கொழும்பு ஜாவத்தை மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டது. காரணத்தை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. என்றாலும் அந்த விபத்தைப் பற்றிய கேள்விகள் இந்தக் கரையில் இன்று வரை ஓயவில்லை. ஆண்டுதோறும் இந்த நாளில் கத்தமுல் குர்ஆன் ஓதி துஆ கேட்கிறார்கள், நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள்.

அவர் யார் என்று இளையவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். 2000இல் பிறந்த பிள்ளைகள் இன்று பட்டதாரிகள், அவரை நேரில் கண்டவர்கள் இல்லை. 1948 ஒக்டோபர் 23 அன்று சம்மாந்துறையில் பிறந்தார். கல்முனை உவெஸ்லியில் படித்தார், சட்டக் கல்லூரியில் தேறிச் சட்டத்தரணியானார். 1977 தேர்தல் காலத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து நின்ற முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியில் இருந்தார். 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. 1986இல் அது முழுமையான அரசியல் கட்சியாக எழுந்தபோது தலைமை அவர் கைக்கு வந்தது. 1989இல் அம்பாறை மாவட்டத்தில் இருந்து பாராளுமன்றம் போனார். 1994இல் அமைச்சரானார். இடையில் கவிதையும் எழுதினார், 'நான் எனும் நீ' என்ற அவருடைய தொகுதி 1999இல் வந்தது.

அவர் செய்தவற்றுள் ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறதே ஒழிய என்ன நடந்தது என்று விளக்கப்படுவதில்லை. 1978 அரசியலமைப்பின்படி ஒரு தேர்தல் மாவட்டத்தில் ஆசனம் பெற ஒரு கட்சி அங்கே செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தை, எடுத்திருக்க வேண்டும். நாடெங்கும் சிதறி வாழும் சிறு சமூகத்தின் கட்சிக்கு அது பெரிய மதில். ஒரு மாவட்டத்தில் பத்து வீதம் வாக்கு எடுத்தாலும் கணக்குக்கு வராது. 1988 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் வேட்பாளர் ரணசிங்க பிரேமதாசவுடன் நடந்த பேச்சில் அஷ்ரப் கேட்டது இந்த வெட்டுப்புள்ளியைக் குறைக்கச் சொல்லித்தான். அந்த டிசம்பரில் 15ஆவது திருத்தம் நிறைவேறி அது 5 வீதமானது. முஸ்லிம்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல இது. மலையகக் கட்சிகள், இடதுசாரிகள், பின்னாளில் தோன்றிய சிறு கட்சிகள் எல்லாரும் அதே வாசலால்தான் உள்ளே போகிறார்கள். நினைவு தினத்தில் அவரைப் புகழ்ந்து நூறு சொல் சொல்வதைவிட இந்த ஒரு திருத்தத்தை மாணவருக்கு விளக்கினால் அவர் என்ன செய்தார் என்பது தெளிவாகும்.

ஒலுவிலுக்கு வருவோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த ஊரில் இருப்பதும் துறைமுகத் திட்டம் இந்தக் கரைக்கு வந்ததும் அவருடைய முயற்சியால். தொண்ணூறுகளில் போர்ச் சூழலில் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பது முஸ்லிம் மாணவர்களுக்கு ஆபத்தானதாக ஆகியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் தென்கிழக்கில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி கேட்கப்பட்டது. 1995இல் அட்டாளைச்சேனையில் அது ஆரம்பமானது. முதல் வகுப்புகள் தொடங்கிய திகதி ஒக்டோபர் 23, அஷ்ரபின் பிறந்த நாள். அடுத்த ஆண்டு, 1996 மே 15 அன்று, முழுப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. பின்னர் ஒலுவில் வளாகம் எழுந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில், அவர் பிறந்த ஊரில், இருக்கிறது. ஒலுவில் வெளிச்சவீடும் அவர் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தது.

இங்கே பட்டியல் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஒருவர் 1995 என்பார், மற்றவர் 1996 என்பார். இருவரும் சரி. வர்த்தமானியில் அறிவித்த நாள் ஒன்று, படிப்பித்தல் தொடங்கிய நாள் இன்னொன்று, தகுதி உயர்ந்த நாள் வேறொன்று. ஒரு நிறுவனத்துக்கு இப்படி மூன்று நான்கு பிறந்த நாட்கள் இருப்பது சாதாரணம். 'தொடங்கியது' என்று மொட்டையாக எழுதாமல் என்ன தொடங்கியது என்று எழுதினால் சண்டை வராது. துறைமுகத்துக்கும் இதே கதைதான். கனவு தொண்ணூறுகளினுடையது. டென்மார்க் கடனுதவியில் கட்டுமானம் தொடங்கியது 2008இல். அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தது 2013 செப்டெம்பர் 1 அன்று. அதற்குள் அஷ்ரப் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகவிருந்தன.

திகதியில் இன்னொரு சிக்கல், நம் ஊரில் ஒரே சுவரில் தொங்கும் கலண்டரிலேயே இரண்டு கணக்கு ஓடுவது. ஆங்கில மாதம் ஒன்று, இஸ்லாமிய மாதம் மற்றொன்று. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கில் 354 அல்லது 355 நாட்கள். ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாட்கள் குறைவு. அதனால் ஹிஜ்ரித் திகதி ஒவ்வோர் ஆண்டும் ஆங்கிலக் கலண்டரில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும், ஒரு முழுச் சுற்றுக்கு 33 ஆண்டு அளவில் எடுக்கும். 2000 செப்டெம்பர் 16 விழுந்தது ஹிஜ்ரி 1421 ஜமாதுல் ஆகிர் மாதத்தில். 2008இல் அதே செப்டெம்பர் 16 நோன்பு மாதத்தின் நடுவில் வந்தது. 2024இல் அது மீலாதுந் நபி விடுமுறை தினமாகவே அமைந்தது. ஒரே திங்கட்கிழமையில் பள்ளிவாசல்களில் மௌலிது மஜ்லிஸும் தலைவரின் நினைவு துஆவும் சேர்ந்து வந்தன. அடுத்த ஆண்டு மீலாத் செப்டெம்பர் 5க்கு நகர்ந்துவிட்டது, அந்தப் 11 நாள் கணக்குப்படி. ஆனால் தலைவரின் நாள் நகரவில்லை.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் வாப்பாவின் கத்தத்தை ஹிஜ்ரித் திகதி பார்த்து ஓதுகிற குடும்பங்கள்கூட அஷ்ரபின் நாளை ஆங்கிலத் திகதியால்தான் பிடித்து வைத்திருக்கின்றன. காரணம் எளிது. அவருடைய மரணம் பத்திரிகையிலும் தேர்தல் காலத்திலும் நடந்த பொது மரணம். பொது வாழ்வை நாம் ஆங்கில மாதத்தில் கணக்கு வைக்கிறோம், மார்க்க வாழ்வைப் பிறையில் வைக்கிறோம். பழைய ஆட்களின் பிறப்பு இறப்பைத் தேடுபவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றும்போது ஒரு நாள் பிசகுவது சகஜம். பிறை தெரிந்த இரவு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது ஒன்று. ஹிஜ்ரி நாள் மஃரிபோடு தொடங்குகிறது என்பது மற்றது. செப்டெம்பர் 16 இரவு எட்டு மணிக்கு ஒருவர் மௌத்தானால் ஆங்கிலக் கணக்கில் 16தான், பிறைக் கணக்கில் அடுத்த நாள் பிறந்துவிட்டது.

கலண்டரே இல்லாமல் நாளை நினைவு வைக்கும் வழியும் இங்கே உண்டு. மூத்தம்மாவிடம் வயது கேட்டுப் பாருங்கள். வருடம் சொல்லமாட்டார். "பெரிய வெள்ளத்துக்கு நான் கைக்குழந்தை" என்பார், அல்லது சூறாவளிக்குப் பிறகுதான் மூத்தவன் பிறந்தான் என்பார். பெரிய வெள்ளம் என்றால் 1957 டிசம்பர். சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23, மட்டக்களப்பில் இருந்து இந்தக் கரை நெடுகத் தென்னைகளையும் கூரைகளையும் வாரி எடுத்த இரவு. அதற்கடுத்த தலைமுறைக்கு 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும் கூட. திகதியை மறந்த ஒருவர்கூட போயாவையும் ஞாயிறையும் மறக்கவில்லை. ஆகவே ஒரு முதியவரின் பேச்சில் இருந்து திகதி எடுக்க வேண்டுமானால் வருடத்தைக் கேட்காதீர்கள். கிழமை, பிறை, பருவம், வயலில் என்ன வேலை நடந்தது, வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். நான்கைந்து பதில்கள் சேர்ந்தால் திகதி தானாக வந்து நிற்கும். கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம். 2000 செப்டெம்பர் 16 சனி. ஒருவர் அது ஜும்ஆ நாள் என்று அடித்துச் சொன்னால் அவர் நினைவில் இருப்பது வேறு நாள் என்று புரிந்துகொள்ளலாம்.

இனி உலகப் பட்டியலில் இருந்து நம் பலகைக்கு எதை எடுப்பது? எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. நமக்குத் தொடர்பு உள்ளதை எடுத்து, அந்தத் தொடர்பையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

1931இல் இதே நாளில் லிபியாவில் உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டார். குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியர் அவர். இத்தாலிய ஆட்சியை எதிர்த்து இருபது ஆண்டுகள் போராடினார். செப்டெம்பர் 11 அன்று காயப்பட்ட நிலையில் பிடிபட்டார், 15 அன்று விசாரணை, மறுநாள் சுலூக் முகாமில் கைதிகளான தம் மக்கள் கண்முன்னால் தூக்கு. எழுபது வயதைத் தாண்டிய மனிதர். 1981இல் வந்த 'பாலைவனச் சிங்கம்' திரைப்படத்தால் அவர் முகம் நம்மவர்களுக்கும் பழக்கமானது. அந்தப் படத்தில் நடித்த அன்ரனி குவினின் முகத்தைத்தான் பலர் உமர் முக்தாரின் முகமாக நினைக்கிறார்கள். பலகையில் படம் ஒட்டும்போது அவருடைய உண்மையான புகைப்படத்தை ஒட்டுங்கள். சங்கிலி பூட்டிய கைகளோடு இத்தாலிய அதிகாரிகள் நடுவில் நிற்கும் படம் இருக்கிறது.

1982இல் இதே நாள் மாலை பெய்ரூத்தின் சப்ரா, ஷத்தீலா பகுதியில் பலஸ்தீன அகதிகள் மீதான படுகொலை தொடங்கியது. இங்கே 'தொடங்கியது' என்ற சொல்லைக் கவனமாகப் போட வேண்டும். கொலை 18 வரை நீண்டது. பட்டியல்கள் ஒரு நாளில் அடைக்கின்றன, சம்பவம் மூன்று நாட்கள் பரவிக் கிடக்கிறது.

1963இல் மலேசியா பிறந்தது. முதலில் ஓகஸ்ட் 31 என்றுதான் தீர்மானித்திருந்தார்கள். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்த்ததால், சபாவிலும் சரவாக்கிலும் மக்கள் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் குழு போனது. அதன் முடிவு வரும்வரை தள்ளிப்போட்டதில் செப்டெம்பர் 16 வந்து சேர்ந்தது. சிங்கப்பூரும் அப்போது அதன் உள்ளே இருந்தது. சிங்கப்பூரின் பிரதமர் லீ குவான் யூ பிறந்தது 1923 செப்டெம்பர் 16, ஆக அவருடைய நாற்பதாவது பிறந்த நாளில் அவர் நாடு மலேசியாவோடு சேர்ந்தது. 1965 ஓகஸ்ட் 9 அன்று பிரிந்தும் போனது. தமிழை ஆட்சி மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டின் கதை என்பதால் நம் மாணவர்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது ஓர் இறப்பு. பொதுப் பட்டியல்களில் கடைசி வரிசையில் கிடக்கும் பெயர், ஆனால் அம்பாறைப் பலகையில் மேலே வர வேண்டியது: ரொனால்ட் ரொஸ், 1932 செப்டெம்பர் 16, இலண்டன். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்த ஆங்கிலேய வைத்தியர். 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ஒரு நுளம்பின் வயிற்றை அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து அதற்குள் மலேரியாக் கிருமி இருப்பதைக் கண்டார். மலேரியா கெட்ட காற்றால் வரவில்லை, நுளம்பால் வருகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1934–35இல், இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோனது. காரணம் தெரிந்திருந்தது, அதைத் தடுக்கும் ஆயுதம் கையில் இல்லை. 1946 வாக்கில் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் மரணங்கள் சட்டென்று விழுந்தன.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? அம்பாறை மாவட்டம் இன்றிருக்கும் வடிவத்துக்கு மலேரியா அடங்கியதும் முதற்காரணங்களில் ஒன்று. மலேரியாவுக்குப் பயந்து பெருமளவு காடாகக் கிடந்த உலர் வலயத்தில் பெருந்தொகையாக ஆட்களைக் குடியேற்ற முடிந்தது நுளம்பு அடங்கிய பிறகுதான். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது, இங்கினியாகலையில் அணை எழுந்தது, அந்தத் தண்ணீர் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்கள் வரை வருகிறது. அதே திட்டத்தோடு வந்த குடியேற்றம் மாவட்டத்தின் சனத்தொகைக் கணக்கையும் மாற்றியது, காணிப் பிரச்சினைகளையும் கொண்டுவந்தது, அரசியலையும் மாற்றியது. அஷ்ரப் போன்ற ஒரு தலைவர் ஏன் இந்த மாவட்டத்தில் இருந்து எழுந்தார் என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் இந்த நுளம்புக் கதையையும் படித்தாக வேண்டும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தார். 1998இல் பாரத ரத்னா பெற்றார். அவர் இறந்த 2004 டிசம்பர் 11 பாரதியார் பிறந்த திகதி. அதற்குப் பதினைந்தாவது நாள் சுனாமி. ஓசோன் தினம், 1987 செப்டெம்பர் 16 அன்று மொன்றியலில் கையெழுத்தான உடன்படிக்கையின் நினைவு. விஞ்ஞான ஆசிரியர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய காலத்துத் திகதிகளை எடுக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. பிரித்தானியாவும் அதன் குடியேற்ற நாடுகளும் 1752இல்தான் இன்றைய கலண்டருக்கு மாறின. அந்த ஆண்டு செப்டெம்பர் 2க்கு மறுநாள் செப்டெம்பர் 14. இடையில் உள்ள 11 நாட்கள் அங்கே வாழப்படவே இல்லை. அதற்கு முந்திய ஆங்கிலேயச் சம்பவம் ஒன்றுக்கு இரண்டு திகதி கண்டால் குழம்ப வேண்டாம், ஒன்று பழைய கணக்கு, மற்றது புதியது.

ஒலுவிலுக்கென்று ஒரு தனிப் பட்டியல் போட்டால் அதில் செப்டெம்பர் 16 மட்டும் இருக்காது. 2003 ஜனவரி 29 இருக்கும்: அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சுவார்த்தைக் காலத்தில், முஸ்லிம்களையும் தனித் தரப்பாக ஏற்க வேண்டும் என்று கேட்டுப் பல்லாயிரம் பேர் பல்கலைக்கழக வளாகத்தில் கூடி ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்ட நாள். இந்தச் சிறிய கரையோர ஊரின் பெயர் அரசியல் ஆய்வு நூல்களில் ஏறியது அந்தப் பிரகடனத்தால்தான். ஒக்டோபர் 23 இரட்டை நாளாக இருக்கும். மே 15 இருக்கும். சூறாவளியும் சுனாமியும் இருக்கும். துறைமுகம் திறந்த செப்டெம்பர் 1ம் இருக்கும்.

அங்கேதான் நாள் பட்டியலின் குறையும் தெரிகிறது. துறைமுகம் திறந்ததற்குத் திகதி உண்டு. அதனால் நடந்ததற்குத் திகதி இல்லை. இந்தக் கரையில் கடல் நீரோட்டம் மணலைப் பெரும்பாலும் தெற்கில் இருந்து வடக்காக நகர்த்திக்கொண்டு போகும். கடலுக்குள் கல் அணை போட்டால் தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கும், வடக்குப் பக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. மணல் வராத கரையை அலை அரித்துக்கொண்டே இருக்கும். ஒலுவிலில் நடந்தது இதுதான். துறைமுக வாசலில் மணல் வந்து மூடிப் படகு போக முடியாமல் ஆனது, தோண்டத் தோண்ட மறுபடி மூடியது. வடக்கே கரை உள்வாங்கியது. தென்னைகள் வேர் வெளியே தெரியச் சாய்ந்து விழுந்தன, கரைவலைக்காரர் வாடிகளைப் பின்னால் நகர்த்தினார்கள், கடலோரக் காணிகள் போயின. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் போட்ட இடத்தில் தோணியை ஏற்றி இறக்க முடியவில்லை. அரிப்பு வடக்கே நிந்தவூர்ப் பக்கமும் பரவியது. வர்த்தகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது வளரவில்லை.

இந்த நட்டம் எந்தக் கலண்டர்ப் பெட்டியிலும் ஏறாது, ஏனென்றால் அது ஒரு நாளில் நடக்கவில்லை. மாரி வந்தால் கொஞ்சம் கரை போகும், அடுத்த மாரி இன்னும் கொஞ்சம் போகும். தலைவரின் மரணத்தை நினைக்கும் நாளில் அவர் கண்ட கனவின் இந்தப் பகுதியையும் எழுதி வைப்பது அவருக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கரையை இழந்தவர்களும் அவர் வாக்காளர்களே, அவர்களின் பிள்ளைகள்தான் அவர் கட்டிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

திகதி இல்லாததையும் பட்டியலுக்குள் கொண்டுவர வழி உண்டு, கொஞ்சம் உழைப்பு வேண்டும், அவ்வளவுதான். கரைவலைத் தோணி வைத்திருந்தவர்களிடம் போய் வாடியை முதன்முதலில் எந்த வருடம் நகர்த்தினீர்கள், அப்போது கடல் எந்த மரம் வரை இருந்தது என்று கேட்டு எழுதலாம். காணி உறுதியில் உள்ள எல்லையையும் இன்றைய கரையையும் ஒப்பிடலாம். பள்ளிவாசல் பதிவேட்டில் நிக்காஹ், ஜனாஸா விபரங்கள் ஆங்கிலத் திகதியோடும் பிறைத் திகதியோடும் இருக்கும், அதை நிருவாகத்திடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கரைவலைக்காரரைத் தேடிப் போவதானால் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாரி மாதங்களில் போங்கள். கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும், கடல் எங்கே எடுக்கிறது என்பதையும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.